பாதி முகம் வெளுத்த கடல்ராஜா

கடவுளின் கன்னத்தைப் புளி போட்டுத் தேய்த்தவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருவன்.

காலை ஏழு மணி இருக்கும். தண்ணீர் இல்லாத ஒரு பளிங்குத் தொட்டிக்குள் மூங்கில் ஏணி போட்டு, அதன் மேல் நின்றுகொண்டிருந்தேன். இடது கை கடவுளின் தாடியைப் பிடித்திருந்தது. பக்தியால் அல்ல, விட்டால் விழுந்துவிடுவேன். வலது கையில் தேங்காய் நார். ஏணிக்குக் கீழே ஒரு சட்டியில் புளி, கல்லுப்பு, செங்கல் பொடி. பல வருஷத்து எண்ணெயும் கற்பூரப் புகையும் கரைந்து, கறுப்பு நீராக என் முழங்கை வழியே இறங்கி, அக்குளில் ஒரு வளைவு எடுத்து, இடுப்பில் போய்ச் சேர்ந்தது.

பத்து மணிக்கு வீட்டை வாங்க ஆள் வருகிறார். அதற்குள் இந்தக் கடவுள் வெள்ளையாக வேண்டும். ஆகாவிட்டால் நான் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டும்.

“கிராணியாரே, கண்ணுல புளி போயிறாமப் பாத்துக்கங்க” என்று கீழேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“என் கண்ணுலதானே? பாத்துக்குறேன்.”

“உங்க கண்ணு என்னமும் ஆகட்டும். நான் சாமி கண்ணைச் சொன்னேன்.”

கிராணி என்பது நான். அந்தக் காலத்தில் பர்மாவில் பேனா பிடிப்பவனுக்கெல்லாம் அதுதான் பட்டம். குரலுக்குச் சொந்தக்காரி செல்லாயி. தோட்டத்தில் களை எடுப்பவள். நான் தேய்த்துக்கொண்டிருந்த கடவுளுக்குத் தினமும் விளக்கு வைப்பவளும் அவள்தான்.

சென்ற இதழில் ரங்கூன் துறைமுகத்தில் தகரப் பெட்டியோடு இறங்கியதைச் சொல்லியிருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கே போனேன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயா, பல இடம் சுற்றிக் கடைசியில் அரண்மனைக்குப் போனேன். கேலி இல்லை.

முகவரி எழுதிய பின்பக்கம்

ரங்கூனில் தாமுவே தாண்டி, ஏரிப்பக்கம் போகும் சாலையில், மூங்கில் காட்டுக்கும் எருமைக் குட்டைக்கும் நடுவே அந்த அரண்மனை நின்றது. முதன்முறை பார்ப்பவர்கள் வண்டிக்காரன் வழி தவறிவிட்டான் என்றே நினைப்பார்கள். ஒரு வழி இரண்டு வழி அல்ல, ஏழு கடல் தவறிவிட்டான் என்று.

முன்பக்கம் முழுவதும் சுருளும் சுழிவும். தூண்கள் நேராக நிற்கப் பிடிக்காமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். மாடிப்படி இரண்டாகப் பிரிந்து, கோபித்துக்கொண்ட சகோதரர்கள்போல ஆளுக்கொரு பக்கம் போய், மேலே சேர்ந்துகொள்ளும். கூடத்தின் உத்தரத்தில் சிறகு வைத்த கொழுத்த குழந்தைகள் மேகத்தின் மேல் உருண்டுகொண்டிருக்கும். அளவெடுக்க வந்த ஒரு இன்ஜினியர் இதற்குப் ‘பரோக்’ என்று பெயர் சொன்னார். வெறும் சுவரைக் கண்டால் பொறுக்காத பாணி என்று விளக்கமும் சொன்னார்.

கட்டியவர் ஒரு தேக்குமர வியாபாரி. பனி பெய்கிற தேசத்துக்காரர். அவருடைய தாத்தா அங்கே ஒரு பிரபுவின் அரண்மனையில் குதிரை தேய்த்தவராம். முப்பது வருஷம் வேலை பார்த்தும் முன்வாசல் வழியாக ஒருமுறைகூட உள்ளே போனதில்லையாம். பேரன் பர்மாவுக்கு வந்து, தேக்கு வெட்டி, கையில் காசு புரண்டதும் முதல் வேலையாக அந்த அரண்மனையை ரங்கூனில் கட்டிக்கொண்டார், முன்வாசல் வழியாகப் போவதற்காக.

இந்த வரலாற்றை எனக்குச் சொன்னவர் தோட்ட மேஸ்திரி ஒண்டிவீரன். அவருக்குச் சொன்னது துரையின் பட்லர். பட்லருக்குச் சொன்னது துரை, அதுவும் மூன்றாவது கிளாசுக்குப் பிறகு. ஆகவே ஆதாரம் கேட்டு எனக்கு எழுத வேண்டாம்.

துரையிடம் அந்த அரண்மனையின் வரைபடம் எதுவும் இல்லை. ஒரே ஒரு பட அட்டைதான் இருந்தது, தபாலில் அனுப்புவார்களே, அது. முன்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டார்கள். சுதை வேலைக்குக் காரைக்குடிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் வந்திருந்தார். அவர் ஒருநாள் கேட்டாராம்: “தொரை, முன்னால சரி. பின்னால என்ன வரணும்?”

துரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் முகவரிதான் இருந்தது.

“உனக்குத் தெரிந்ததைச் செய்” என்றார்.

கொத்தனார் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். அந்த அரண்மனையின் பின்பக்கம் முழுவதும் யாளி. ஜன்னலுக்கு இரண்டு கிளி. புகைபோக்கியைத் தாங்கிக்கொண்டு நான்கு பூதகணங்கள், முன்பக்கத்துக் குழந்தைகளுக்குத் தாய்மாமன்மாதிரி, அதே தொந்தியோடு. துரைக்கு அது பிடித்திருந்ததா என்று தெரியவில்லை. அவர்தான் முன்வாசலைத் தவிர வேறு வழியே போனதில்லையே.

மருதாணி வேலியும் தவளையும்

தோட்டம் அதைவிடக் கண்டிப்பானது. கயிறு கட்டி, முளை அடித்து, எல்லாப் பாதையும் நேர்க்கோடு. இடதுபுறம் ஒரு செடி இருந்தால் வலதுபுறமும் அதே செடி, அதே உயரம். கூம்புபோல வெட்டிய செடி, பெட்டிபோல வெட்டிய வேலி. துரை தம் தேசத்திலிருந்து கப்பலில் வரவழைத்த செடிகள் முதல் கோடையிலேயே மரியாதையாகச் செத்துப்போயின.

அவற்றுக்குப் பதிலாக ஒண்டிவீரன் மருதாணி வைத்தார். மருதாணி நன்றாக அடர்ந்தது. நேராக வெட்டினால் நேராக நின்றது. துரைக்கு மகா சந்தோஷம். ஆனால் வைகாசி வந்து, தாமுவேயில் தமிழர் வீட்டுக் கல்யாணங்கள் ஆரம்பித்ததும், ஒரே இரவில் வேலி மொட்டையாகிவிட்டது. பனி தேசத்து அரண்மனைத் தோட்டங்களுக்கு எத்தனையோ ஆபத்து வந்திருக்கும். முகூர்த்த நாளால் அழிந்த தோட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாப் பாதையும் வந்து சேரும் நடுமையத்தில் அந்தப் பளிங்குத் தொட்டி. அதன் நடுவில் கடல்ராஜா. அவர்கள் தேசத்துக் கடல் தெய்வமாம். இரண்டு ஆள் உயரம். அலை அலையாகத் தாடி, உருட்டு விழி, கையில் மூன்று முள் ஈட்டி, இடுப்புக்குக் கீழே மீன். வாயிலிருந்து தண்ணீர் பீறிட வேண்டும் என்பது ஏற்பாடு. திறப்பு விழா அன்று, தொப்பி வைத்த துரைமார்களும் துரைசானிகளும் சூழ்ந்து நிற்க, குழாயைத் திருப்பினார்கள். கடல்ராஜா இரண்டு தடவை இருமி, ஒரு தவளையைத் துப்பினார். அத்தோடு சரி. அதன் பிறகு அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

பிறகு பெரிய யுத்தம் வந்தது. துரை ஒரே நாளில் எதிரி தேசத்துக்காரர் ஆகிவிட்டார். முன்வாசல் வழியாகவே அவரை அழைத்துப் போனார்களாம். சர்க்கார் பூட்டுப் போட்டது.

ஒண்டிவீரனும் அவர் ஆட்கள் எட்டுப் பேரும் மட்டும் பின்பக்கத்துக் கொட்டகையில் தங்கிவிட்டார்கள். சம்பளம் கிடையாது. நேர்க்கோட்டுப் பாத்திகளில் கத்தரியும் வெண்டையும் போட்டு, பஜாரில் விற்றுச் சாப்பிட்டார்கள். வேலியை மட்டும் வெட்டுவதை நிறுத்தவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். “வெட்டலைன்னா கோணலா வளருதுல்ல” என்றார்.

அப்போதெல்லாம் அவரை ‘அவன்’ என்றுதான் சொல்வேன். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். வயது காரணமல்ல.

சூலம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

ஆளில்லாத அந்த நாட்களில் ஒரு மாலை, தொட்டி ஓரம் புல் செதுக்கிக்கொண்டிருந்த ஒண்டிவீரனைப் பாம்பு கடித்தது. கண் இருட்டிக்கொண்டு வர, அவர் போய்ச் சாய்ந்தது கடல்ராஜாவின் மீன் வாலில். அங்கேயே கிடந்தார். காலையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

அது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கலாம். அப்படி ஒருமுறை நான் சொல்லி, மூன்று நாள் எனக்கு யாரும் தண்ணீர் இறைத்துத் தரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கடல்ராஜாவுக்கு எண்ணெய்க்காப்பு. காலடியில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய், கண்ணுக்கு வெள்ளிக் கண்மலர், நெற்றியில் ஒரு சாண் திருநீறு. அன்றிலிருந்து அவர் முனியாண்டி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வாதாடிப் பார்த்தேன். “மேஸ்திரி, இது வெள்ளைக்காரன் சாமி.”

“சூலம் இருக்கு. தாடி இருக்கு. உருட்டு முழி இருக்கு. வேறென்னய்யா வேணும்?”

“கால் எங்கே? மீனுல்ல இருக்கு?”

“சாமியக் கும்பிட வந்தவன் மொகத்தைப் பாப்பானா, காலுக்கிடையில பாப்பானா?”

அதற்குமேல் படித்தவனால் என்ன பேச முடியும்? போதாக்குறைக்கு, அந்த மழைக்காலத்தில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்து, பிழைத்தால் சேவல் அறுக்கிறேன் என்று நானே ரகசியமாக முனியாண்டியிடம் நேர்ந்துகொண்டேன். பிழைத்தேன். சேவல் விஷயத்தை மறந்துவிட்டேன். அதாவது, மறந்ததாக வைத்துக்கொண்டேன்.

களங்கமற்ற வெண்பளிங்கு

நான் அங்கே வந்த கதை சிறியது. யுத்தம் முடிந்து சர்க்கார் அரண்மனையை ஏலம் விட்டது. எடுத்தவர் ஒரு மரைக்காயர். கியாக்டடா கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். கதவுக் கீல்களும் குழாய்களும் நல்ல இரும்பு என்பதற்காக எடுத்தார். ஏலம் முடிந்த பிறகுதான், அவற்றைச் சுற்றி ஒரு வீடும் இருப்பதைக் கவனித்தார். நல்ல விலைக்கு விற்கும்வரை பார்த்துக்கொள்ள என்னை வைத்தார். கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையும் தந்தார்.

அன்று இரவே மாமனாருக்குக் கடிதம் எழுதினேன். ‘தற்சமயம் அரண்மனையில் வாசம்.’ என் மாமனார் என்னை மருமகனாக எண்ணத் தொடங்கியது அந்தக் கடிதத்திலிருந்துதான். ஊர் முழுக்கப் படித்துக் காட்டினாராம். மனைவியை அனுப்பவும் சம்மதித்தார். அவள் வந்து சேரும் மாதம்கூடக் குறித்தாகிவிட்டது.

வீடு வாங்க இரண்டு பர்மிய தனவந்தர்கள் வந்தார்கள், வேறு வேறு நாளில். இருவரும் ஒரே மாதிரி செய்தார்கள். படி ஏறி, கூடத்துக்குள் வந்து, தென்கிழக்கு மூலைத் தூணை அண்ணாந்து பார்த்தார்கள். மற்ற மூலைகளையும் ஒருமுறை பார்த்தார்கள். முகம் வாடியது. மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் மூலையில் விரிசல் இருக்கிறது என்று முடிவு செய்து, சுண்ணாம்பு அடித்தேன். இரண்டு முறை.

மரைக்காயர் பொறுமை இழந்தார். “ஏம்ப்பா சபாபதி, வீட்டைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதுப்பா. படிச்சதும் ஆள் ஓடி வரணும்.” எழுதினேன். பழைய ஏலப் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதினேன். நடுவில் ஒரு வரி: ‘தோட்டத்தின் மையத்தில், பாலினும் வெண்மையான களங்கமற்ற பளிங்கில், கடல்ராஜா சிலை.’ தினமும் அந்தச் சிலையைக் கடந்துதான் பல் துலக்கப் போவேன். எழுதும்போது என் கண்முன் பட்டியல்தான் இருந்தது.

அதைப் படித்து ஓடி வரச் சம்மதித்தவர் டோ செய்ன் தின். கணவர் இறந்த பிறகு இரண்டு அரிசி மில்களைத் தனியாக நடத்தும் அம்மையார். மரைக்காயர் என் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “அந்தம்மா ஒவ்வொரு வரியா சரிபார்க்கும். இதுல ஒண்ணு பொய்யா இருந்துச்சு, உன்னைக் கப்பலேத்திருவேன். டெக்கு டிக்கட்டுதான்.”

வாரக் கடைசியில் வருகிறார் என்று செய்தி. எனக்குப் பயம் நெஞ்சில் வருவதில்லை, வயிற்றில் வரும். அன்று முழுவதும் அரண்மனையின் எத்தனையோ அறைகளில் ஒரே ஒரு அறையை மட்டும்தான் பயன்படுத்தினேன்.

ஏணி மேல்

தோட்டக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். “ஒரே ஒரு நாளைக்கு முனியாண்டி வெள்ளையா இருக்கட்டும். அந்தம்மா போனதும் திரும்ப எண்ணெய் ஊத்திக்கங்க.”

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். செல்லாயிதான் பேசினாள்.

“உங்க மாமனாரு ஒரு நாளைக்கு மொட்டையடிச்சுக்கிட்டு நிக்கட்டும்னா சம்மதிப்பாரா?”

“மாமனார் எதுக்கு இங்க?”

“பெரியவங்கன்னு சொன்னேன்.”

ஒண்டிவீரன் நிதானமாகச் சொன்னார்: “நாங்க தொட மாட்டோம் கிராணியாரே. நீங்க தொட்டாத் தடுக்கவும் மாட்டோம். அவரு பாத்துக்குவாரு.”

அந்தக் கடைசி இரண்டு சொல் இல்லாமல் இருந்தால் நிம்மதியாகத் தேய்த்திருப்பேன். அவற்றைக் கேட்டபின், ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொண்டு தேய்த்தேன். அதனால் வேகம் பாதியாகிவிட்டது. எட்டரை மணிக்கு வலது நெற்றி, வலது கண், வலது கன்னம், பாதி மூக்கு வெளுத்திருந்தன. இடது பக்கம் பழைய முனியாண்டி. நடுவில், மூக்கின் மேல், துரையின் தோட்டப் பாதைபோல ஒரு நேர்க்கோடு.

அப்போது வாசலில் மோட்டார் ஹாரன் கேட்டது.

மில் நடத்துபவர்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, முன்னால் வந்துவிடுவார்கள். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏணியிலிருந்து இறங்கினேனா விழுந்தேனா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. அரிசிச் சாக்கு ஒன்றை எடுத்து, மறுபடி ஏணி ஏறிக் கடவுளின் தலையில் கவிழ்த்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

டோ செய்ன் தின்

ஒடிசலான உருவம். கன்னத்தில் தனக்காச் சந்தனம், கையில் கட்டைவிரல் பருமன் சுருட்டு, கருநீலப் பட்டு லுங்கி. பக்கத்தில் மரைக்காயர், கையில் என் தாள்.

அம்மையாருக்குத் தமிழ் தெரியும். மில்லில் மூட்டை தூக்கும் நம்மவர்களிடம் கற்ற தமிழ். அதில் கட்டளை மட்டும்தான் உண்டு. ‘ங்க’ என்று ஒன்று தமிழில் இருப்பதை அவர் காதில் யாரும் போட்டதில்லை. ஆனால் பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் ‘கோ’ சேர்த்து மரியாதை கொடுப்பார். இரண்டும் கலந்து வரும்.

“கோ சபாபதி, நட. கதவு திற.”

திறந்தேன். படி ஏறினார். உத்தரத்துக் குழந்தைகளைப் பார்த்தார்.

“இது யார்? இவ்வளவு குண்டு? வேலை இல்லையா?”

பிறகு நான் பயந்தது நடந்தது. தென்கிழக்கு மூலைத் தூணை அண்ணாந்து பார்த்தார். முகம் மாறியது. போன இருவரின் முகத்திலும் பார்த்த அதே வாட்டம்.

“சுண்ணாம்பு புதுசும்மா! விரிசல் கிடையாது!” என்று கத்தினேன்.

“விரிசல் யார் கேட்டது? தேங்காய் எங்கே?”

எனக்கு விளங்கவில்லை. மரைக்காயர்தான் மெதுவாகச் சொன்னார்: “அவங்க வீடுகள்ல அந்த மூலையில தேங்காய்க்குச் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடுவாங்கப்பா. வீட்டைக் காக்குற ‘நாட்’டுக்கு. அவங்க காவல் தெய்வம்.”

“காவல் இல்லாத வீடு” என்றார் டோ செய்ன் தின். “வெள்ளைக்காரன் போனான். சர்க்கார் போனது. யாரும் நிக்கலை. நான் வந்தா நான் நிப்பேனா?” சுருட்டின் சாம்பலைத் தட்டினார். “சரி. தோட்டம் காட்டு. பார்த்துட்டுப் போறேன்.”

மரைக்காயர் என்னைப் பார்த்த பார்வையில் டெக்கு டிக்கட்டின் நிறம்கூடத் தெரிந்தது.

பின்பக்கம் போனோம். யாளிகளையும் கிளிகளையும் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார். மருதாணி வேலியைத் தடவிப் பார்த்து, “யார் வெட்டினது? நேரா இருக்கு” என்றார். பிறகு நடுமையத்துக்கு வந்து, சாக்குப் போட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு ஆள் உயர உருவத்தின் முன் நின்றார். ஒன்பது தோட்டக்காரர்களும் வரிசையாக நின்றிருந்தார்கள்.

மரைக்காயர் தாளைப் பிரித்துப் படித்தார். “பாலினும் வெண்மையான, களங்கமற்ற…”

“சாக்கு எடு” என்றார் அம்மையார்.

“ரிப்பேர் நடக்குதும்மா. சுண்ணாம்பு காயணும். காத்துப் பட்டா…”

“செல்லாயி, எடும்மா” என்றார் ஒண்டிவீரன். அவள் ஏணியில் ஏறி எடுத்தாள்.

பாதி முகம் கறுப்பு, பாதி முகம் வெளுப்பு. கறுத்த பக்கத்துக் கண் வெள்ளிக் கண்மலரோடு பளபளத்தது. கண்மலர் கழன்ற வெளுத்த கண் குருடாக இருந்தது. தாடியில் என் தேங்காய் நார் தொங்கிக்கொண்டிருந்தது. மரைக்காயர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

டோ செய்ன் தின் சிலையின் முகத்தைப் பார்க்கவில்லை. காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தேங்காய், அதைச் சுற்றிச் சிவப்புத் துணி.

செருப்பைக் கழற்றினார்.

“இது யார்?”

ஒண்டிவீரன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “எங்க முனியாண்டி. இந்த எடத்துக் காவலு. எல்லாரும் போனப்பவும் இவரு போகலை. நாங்களும் போகலை.”

“எத்தனை வருஷம்?”

“யுத்தம் வந்ததுலேருந்து.”

அம்மையார் குனிந்து கும்பிட்டார். எழுந்து, வெளுத்த கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

“இது யார் செய்தது?”

என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. “மழைம்மா.”

“மழை ஒரு பக்கம் மட்டும் பெய்யுமா?”

“இங்க சில சமயம் சாய்வாப் பெய்யும்.”

ஒன்பது பேரில் ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தது என் கோட்டுக் கையிலிருந்து புல்லின் மேல் சொட்டிக்கொண்டிருந்த கறுப்புத் தண்ணீர்தான். அவர் அதைப் பார்த்தார். மரைக்காயர் பார்த்தார். கடைசியில் நானும் பார்த்தேன்.

நாற்பத்தெட்டு நாள்

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. வீட்டை வாங்குகிறார், காவல் இருக்கிற வீடு என்பதால். தோட்டக்காரர்கள் ஒன்பது பேரும் இருப்பார்கள், காவலோடு நின்றவர்கள் என்பதால். ஆனால் காவலைப் பகைத்துக்கொண்ட வீட்டில் குடிபுக முடியாது. கெடுத்தவன் தன் கையால் பழையபடி ஆக்க வேண்டும். அதுவரை கையெழுத்து இல்லை.

“எத்தனை நாள் ஆகும்?” என்று ஒண்டிவீரனிடம் கேட்டார்.

“ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளு.”

“சரி. அப்புறம் இந்த ஆளை வைக்கிறதா வேண்டாமா, நீ சொல்லு.”

நீ என்றது மேஸ்திரியை. இந்த ஆள் என்றது என்னை. என் பெயருக்கு முன்னாலிருந்த ‘கோ’வைக்கூட எடுத்துவிட்டார்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். தாம் குடிவந்த பிறகு அங்கே ரத்தப்பலி கூடாது. தேங்காய், வாழைப்பழம் போதும். தோட்டக்காரர்கள் முகம் தொங்கிவிட்டது. “முனியாண்டி சைவமா? ஊர்ல சொன்னா சிரிப்பாங்க” என்று செல்லாயி முணுமுணுத்தாள். அந்தக் கூட்டத்தில் அந்தச் சட்டத்தை மனமார வரவேற்றவன் நான் ஒருவன்தான். சேவல் பாக்கி தீர்ந்தது.

நாற்பத்தெட்டு நாளும் விடிவதற்குள் குளித்து, ஏணி ஏறி, எண்ணெய் தடவினேன். கீழே நின்று ஒண்டிவீரன் மேற்பார்வை பார்ப்பார். “காது மடல் விட்டுப்போச்சு கிராணியாரே.” “மூக்குக்கு ரெண்டாந்தரம்.” முதல் வாரத்தில் ஒருநாள், என்னை அறியாமல், “சரிங்க மேஸ்திரி” என்றேன். செல்லாயி களை எடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த ‘ங்க’ போகவே இல்லை.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்காதது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடலாம், பளிங்குக்குப் போடக்கூடாதாம். புளிப்பு பளிங்கின் மேல்தோலைத் தின்றுவிடுமாம். நான் தேய்த்த பக்கம் சொரசொரவென்று ஆகி, எண்ணெயைக் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. நாற்பதாம் நாள் அந்தப் பக்கம் பழைய பக்கத்தைவிடக் கறுப்பாகிவிட்டது. முகம் மறுபடியும் பாதி பாதி. இந்த முறை மாற்றி.

நாற்பத்தெட்டாம் நாள் டோ செய்ன் தின் வந்தார். மரைக்காயர் பத்திரத்தோடு வந்தார். நான் ஏணியடியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றேன்.

அம்மையார் முகத்தின் இரு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இந்தப் பக்கம் அதிகக் கறுப்பு. ஏன்?”

மழை என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. இந்த முறை அதைவிட நான் ஒரு அடி முந்திக்கொண்டேன். “நான் பயந்துபோய்ப் புளி போட்டதும்மா. இனி மாறாது.”

அவர் ஒண்டிவீரன் பக்கம் திரும்பினார். “சொல்லு. வைக்கவா, அனுப்பவா?”

ஒண்டிவீரன் வேலியை வெட்டுவதற்குமுன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு பார்ப்பாரே, அதே மாதிரி என்னைப் பார்த்தார்.

“பயந்தாங்கொள்ளிதான்” என்றார். “ஆனா ஒரு நாளும் நேரந்தப்பலை. அந்தக் கன்னம் இன்னும் எண்ணெ கேக்குது. அதுக்கு ஒரு ஆளு வேணும்.”

கையெழுத்து ஆனது. கூடத்தின் தென்கிழக்கு மூலையில், நான் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்த இடத்தில், சிவப்புத் துணி கட்டிய தேங்காய் ஏறியது. எனக்கு அறை போய், பின்பக்கத்துக் கொட்டகையில் யாளிகளுக்கு நேர் கீழே இடம் கிடைத்தது.

அன்று சாயங்காலம் மாமனாருக்கு எழுதினேன். ‘அரண்மனை கைமாறியது. புதிய எஜமானி எனக்குக் கூடுதலாக ஒரு நிரந்தரப் பொறுப்பு அளித்திருக்கிறார்.’ ஒரு வரிகூடப் பொய்யில்லாத என் முதல் கடிதம் அது.

அவர் மிகவும் மகிழ்ந்து, என்ன பொறுப்பு என்று கேட்டு எழுதினார். மனைவி வந்து சேர்ந்தாள், பிள்ளைகள் பிறந்தார்கள், அவரும் காலமாகிவிட்டார். அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் நான் பதில் போடவில்லை.